கழற்றப் பன்னிரண்டு நாள், பூட்ட?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று கூறிய நம் முன்னோர், மூன்றாவதாக ஒன்றைக் கூறாது விட்டுவிட்டனர். அவர்கள் காலத்தில் கார் இல்லை என்பதே காரணமாயிருத்தல் வேண்டும். பழைய கார் ஒன்றை வீட்டிலேயே பிரித்துப் புதுப்பிக்க முற்பட்டவர் எவராயினும், அம்மூன்றாவதைத் தாமே சேர்த்துக்கொள்வர்.

புதியம்புத்தூரில் எங்கள் வீட்டின் பின்புறக் கொட்டகையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று எட்டு ஆண்டுகளாக நிற்கிறது. 'நிற்கிறது' என்பது மரியாதைக்காகச் சொன்னது. அவ்வெட்டு ஆண்டுகளில் பெரும்பகுதி அது சக்கரங்களின்றி நான்கு முட்டுக்கட்டைகளின்மேல்தான் இருந்தது. இரண்டு கதவுகள் மட்டுமே உள்ள முதல் வகை. என் தந்தையார் அதைப் பழைய வண்டியாகவே வாங்கினார். அக்காவின் திருமணத்தன்று மணமக்கள் கோவிலுக்குச் சென்றது அதில்தான். நள்ளிரவில் நோயாளிகளைத் தூத்துக்குடிக்கு ஏற்றிச் சென்றதும் அதில்தான். தந்தையார் மறைந்தபின் அது வேப்ப மரத்தடியில் இருபது ஆண்டுகள் கிடந்தது. கோழிகள் அதற்குள் முட்டையிட்டன.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கூரையற்ற, தாழ்ந்த, சிவப்பு நிற வண்டியொன்று நம் கண்முன் வரும். எங்கள் ஹெரால்டு அதுவன்று. ஆயினும் அத்தகைய வண்டிக்கு உடன்பிறப்பு என்று அதனைத் துணிந்து கூறலாம். இங்கிலாந்தில் 1959-ஆம் ஆண்டு வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டு காருக்கு உருவம் வரைந்தவர் மிக்கெலாட்டி என்னும் இத்தாலியர். 1961 முதல் அது சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் நம் நாட்டுக்கெனத் தயாராயிற்று. அதன் சேஸிஸைச் சற்றுக் குறுக்கி, அதே மிக்கெலாட்டி வரைந்த உடலை ஏற்றியபோது, 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்னும் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. ஹெரால்டின் முன்சக்கரத் தாங்கியை லோட்டஸ் கம்பெனியார் தம் எலான் காரிலும் பயன்படுத்தினர். இவற்றையெல்லாம் படித்தறிந்த பின்னரே எனக்கு ஆசை மூண்டது. அறிவு சில வேளைகளில் இவ்வாறும் கெடுதல் செய்யும்.

பணி ஓய்வு பெற்ற மாதத்திலேயே ஸ்பேனரைக் கையில் எடுத்தேன். பன்னிரண்டே நாட்களில் வண்டி முழுவதும் தனித்தனியாயிற்று. ஹெரால்டின் உடல் ஒரே வார்ப்பன்று. பல துண்டுகளாகச் செய்து சேஸிஸின்மேல் போல்ட்டுகளால் பூட்டப்பட்டது. ஆகவே கழற்றுவது குழந்தை விளையாட்டு. முன்புற பானெட் முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கிச் சாயும். ஊரார் வந்து பார்த்து வியந்தனர். நானும் என்னைப் பெரிய மெக்கானிக் என எண்ணிக்கொண்டேன். போல்ட்டு, நட்டு, வாஷர் யாவற்றையும் பழைய ஹார்லிக்ஸ் புட்டிகளில் இட்டு, எவை எவை என்று தாளில் எழுதி ஒட்டினேன். மண்ணெண்ணெய் பட்டு மையெல்லாம் கரைந்துபோனதை ஆறு மாதம் கழித்தே கண்டேன். இன்று அப்புட்டிகளில் முந்நூறுக்கு மேற்பட்ட போல்ட்டுகள் உள. அவை அங்குல அளவின. நம் கடைகளில் கிடைப்பனவோ மில்லிமீட்டர் அளவின. ஒன்று தொலைந்தால் அதற்கு மாற்று லேத்துப் பட்டறையில் கடைந்துதான் வரவேண்டும்.

இதே வேலையில் இறங்க எண்ணும் அன்பர்களுக்கு ஒன்று கூறுவேன். முழுவதையும் ஒருங்கே பிரிக்காதீர்கள். பிரேக்கை முடித்து மாட்டியபின் ஸ்டியரிங்கைத் தொடுங்கள். கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். நான் செய்யவில்லை.

வேலையின் கடைசிப் பகுதியே வேலை முழுவதும் என்பதை அப்போது நான் அறியேன். எஞ்சின் 948 சி.சி. மட்டுமே, எளிமையானது. நான்கே மாதத்தில் அது சீராகி, மேசைமேல் ஓடியது. அன்று வீட்டில் பாயசம் வைத்தோம். எஞ்சின் ஓடினால் கார் முடிந்தது என்று நாங்கள் எண்ணியதே எங்கள் பேதைமை.

கரிசல் மண்ணைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மழையில் அது வீங்கும், கோடையில் வெடிக்கும். வீட்டுச் சுவர்கள் விரிவதை நாம் அறிவோம். கார் விரியும் என யார் நினைத்தோம்? இரண்டாம் ஆண்டு ஐப்பசியில் கொட்டகையின் சிமெண்டுத் தளம் ஒரு மூலையில் இரண்டு விரற்கடை எழும்பிவிட்டது. அத்தளத்தின்மேல் முட்டுக் கொடுத்திருந்த சேஸிஸ் கண்ணுக்குத் தெரியாமல் முறுக்கிக்கொண்டது. அதன்மேல் உடலைப் பூட்டிக் கதவுகளை மாட்டினால், ஒரு பக்கம் கத்தி நுழையாது. மறுபக்கம் விரலே நுழையும். உடலுக்கும் சேஸிஸுக்கும் இடையே தகட்டுத் துண்டுகளைச் செருகி இடைவெளியைச் சரிசெய்வதே முறை. ஒரு மாதம் செருகினேன். கதவுகள் அழகாக மூடின. பங்குனியில் மண் இறங்கிற்று. இடைவெளிகள் எதிர்ப்புறமாகத் திறந்தன. பிறகு தளத்தை உடைத்து, கரிசலை ஆழத் தோண்டி அகற்றி, கிராவல் நிரப்பி, மீண்டும் சிமெண்டு இட்டோம். அதற்கான பணம் என் மனைவி சீட்டுப் பிடித்துச் சேர்த்தது. மாடிப் படிக்கட்டுக்குக் கைப்பிடி வைப்பதற்கென்று வைத்திருந்தாள். படிக்கட்டு இன்றும் கைப்பிடியின்றியே இருக்கிறது. அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாயிருக்கும்.

பெயிண்டு அடிப்பதற்கும் இந்தக் காலநிலையே தடை. ஆனி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து வீசும் காற்று, காற்றாலைகளுக்கு நல்லது. ஈரமான பெயிண்டுக்கு எமன். கரிசல் துகள் முழுவதும் அதில் வந்து குடியேறும். ஐப்பசி கார்த்திகையில் காற்றில் ஈரம் மிகுதி, என்.சி. பெயிண்டு வெண்மையாகப் பூத்துப்போகும். சித்திரை வெயிலிலோ, துப்பாக்கியிலிருந்து தகரத்தை அடையுமுன்பே பாதி உலர்ந்து, ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரப்பாகும். எனவே தை முதல் பங்குனி வரை மூன்று மாதமே நமக்கு உரியது. அம்மூன்று மாதத்தில்தான் பெயிண்டருக்கும் வேறு வேலைகள் குவியும். இரண்டு தை மாதங்கள் அவருக்காகக் காத்திருந்தே கழிந்தன. மூன்றாம் தையில் அவர் வந்தார், டிங்கரிங் முடியாதிருந்தது. தூத்துக்குடிக் கடற்காற்றின் உப்பு அடித்தகரத்தை அரித்து, பட்டியின் உதவியால் மட்டுமே பல இடங்கள் நின்றுகொண்டிருந்தன. பட்டியைச் சுரண்டியபோது காலடித் தரை தெரிந்தது.

பம்பர்களைக் குரோம் முலாமிடக் கொடுத்தோம். முலாம் என்பது மேற்பூச்சு. கீழே உள்ள குழிகளை நிரப்பித் தேய்த்து, செம்பும் நிக்கலும் ஏற்றிய பின்பே குரோம் நிலைக்கும். எங்களுக்குக் கிடைத்தது துருவின்மேல் பளபளப்பு. ஆறு மாதத்தில் உரிந்தது. வேறு பட்டறையில் மீண்டும் செய்தோம், பணம் இரட்டிப்பு.

இருக்கை உறை தைத்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஆயத்த ஆடைகளுக்குப் பெயர்பெற்ற ஊர் இது. தெருவெங்கும் தையல் இயந்திரங்களின் ஓசை. எனினும் தடித்த ரெக்ஸினைக் கண்டதும் எல்லோரும் கைகூப்பினர். துணி தைக்கும் ஊசி அதில் ஒடியும். குஷன் கடைக்காரர் ஒருவர் ஒப்புக்கொண்டார். அவரிடம் இருக்கைச் சட்டம் பதினான்கு மாதம் இருந்தது. குறை சொல்வதற்கில்லை, ஆட்டோ இருக்கைகளே அவருக்குச் சோறு போடுவன.

ஒன்றை மட்டும் தாமதமின்றிச் செய்தேன். முன்சக்கரத் தாங்கியின் கீழ்முனை பித்தளைத் துண்டு ஒன்றில் மரையால் திரும்பும். அதற்குக் கியர் எண்ணெய் இட வேண்டும், கிரீஸ் கூடாது. கிரீஸ் இட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் சக்கரம் வெளிப்புறமாக மடிந்துவிடும். எங்கள் வண்டியில் பல்லாண்டு கிரீஸே இடப்பட்டிருந்தது. மரை ஏறத்தாழ வழுவழுப்பாயிருந்தது. அதே வண்டியில்தான் நள்ளிரவில் நோயாளிகளோடு தந்தையார் தூத்துக்குடிக்குப் பறந்தார் என்பதை நினைத்தபோது, ஸ்பேனரை வைத்துவிட்டுச் சிறிது நேரம் வெளியே சென்று அமர்ந்தேன். ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் உரிய பல உதிரிகளை இங்கிலாந்தில் இன்றும் செய்கின்றனர். அத்துண்டுகளை அங்கிருந்து வரவழைத்தோம். சுங்கவரி பொருளின் விலையை நாணச் செய்தது.

பிறகு வந்தது காகிதம். ஆர்.சி. புத்தகம் தந்தையார் பெயரில் உள்ளது. உரிமையாளர் இறந்தால் 31-ஆம் எண் படிவத்தில் வாரிசுகள் பெயர்மாற்றம் கோர வேண்டும். வாரிசுகள் ஐவர்: அம்மா, நான், தம்பி, இரண்டு சகோதரிகள். தம்பி ஒருவனே கையெழுத்திட மறுத்தான். "அண்ணன், காயலான் கடைக்குப் போட்டுட்டு மதினிக்கு அந்தப் பணத்தக் குடுங்க" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லையென்று என்னால் கூற இயலவில்லை. அதனால்தான் கோபம் வந்தது. ஓராண்டு நாங்கள் பேசவில்லை.

ஐம்பதாண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவுசெய்ய மத்திய அரசு 2021-இல் தனி விதி செய்தது. எண்பலகையில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கும், பெட்ரோல் நிரப்பவும் பழுதுபார்க்கவும் மட்டுமே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு இடமில்லை. எனக்கு இருப்பது ஒரே நோக்கம்: எண்பத்தாறு வயதான அம்மாவை ஞாயிறு பூசைக்கு ஏற்றிச் செல்வது. விதியில் அது இல்லை. ஆகவே வழக்கமான பதிவைப் புதுப்பிக்கும் நீண்ட வழியிலேயே செல்கிறோம். அதற்குத் தம்பியின் கையெழுத்து வேண்டும்.

சென்ற கார்த்திகையில் தம்பி வந்தான். படிவத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்திட்டான். பின்னர் கொட்டகைக்குள் சென்று, புட்டிகளைக் கொட்டி, போல்ட்டுகளை நீளம் பார்த்துப் பிரிக்கத் தொடங்கினான். இரவு பத்து மணிவரை இருவரும் பிரித்தோம், அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது வண்டி தன் சக்கரங்களில் நிற்கிறது. முன்கண்ணாடி ரப்பர் வரவில்லை. கதவுகள் இரண்டும் பெயிண்டுக்காகச் சுவரில் சாய்ந்திருக்கின்றன. தை பிறக்க ஒன்பது நாள் உள்ளது. பெயிண்டர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நேற்று மாலை அம்மா கொட்டகைக்கு வந்து, கதவில்லாத பக்கமாக எளிதாக ஏறி, முன்னிருக்கையில் அமர்ந்துகொண்டார்கள். செபமாலை முடியும்வரை இறங்கவில்லை.

"ஏய்யா, கதவு மாட்டுனா எனக்கு ஏற முடியுமா?" என்று கேட்டார்கள்.

நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.