பூனைக்கும் பிடிக்கும் சிபியு சூடு!

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலையில் புல்வெளி எல்லாம் உறைபனி படிந்து வெள்ளையாக இருக்கும். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் முதலில் வந்து இடம் பிடிப்பது பூனைக்குட்டி மின்னிதான். சிபியு கேபினெட்டின் பின்பக்கம் விசிறி வெளியே தள்ளும் சூடான காற்றில் சுருண்டு படுத்துக்கொள்ளும்.

இதில் வியப்பில்லை. பூனையின் உடல் வெப்பம் சுமார் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். நமக்கு இதமாக இருக்கும் அறைகூட அதற்குக் குளிரலாம். கம்ப்யூட்டர் இயங்கும்போது பிராசசரும் பவர் சப்ளையும் சூடாகும். வீட்டில் கதகதப்பான மூலை எது என்பதைப் பூனை எளிதில் கண்டுபிடித்துவிடும். ஆனால், மின்சார வயர்கள் குவிந்து கிடப்பதும் அதே மூலையில்தான்.

அன்று நடந்தது

மின்னிக்கு அப்போது நான்கு மாதம். பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைக்கும் வயது; கிடைத்ததை எல்லாம் கடிக்கும். ஒரு நாள் மாலை மேஜைக்குப் பின்னால் வீறிட்ட சத்தம். மானிட்டரின் பவர் வயர் பல்லில் மாட்டியிருக்க, உடம்பு விறைத்துக் கிடந்தது. ஓடிப்போய் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன்.

“அப்பா, மானிட்டர் இன்னும் எரியுதுப்பா!” என்று கத்தினாள் என் மகள்.

அப்போதுதான் யுபிஎஸ் எழுப்பிய ‘பீப்’ சத்தம் காதில் விழுந்தது. கரண்ட் போனாலும் வேலை நிற்காது என்று நான் பெருமையாக வாங்கி வைத்த யுபிஎஸ், பேட்டரியிலிருந்து அதே 230 வோல்ட்டை அந்த வயருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதன் பொத்தானை அழுத்தி அணைத்த பிறகுதான் குட்டி விடுபட்டது.

வாயில் தீப்புண். சற்று நேரத்தில் எழுந்து நடந்தது. “நல்லாத்தான் இருக்குன்னு விட்டுடாதீங்க சார். ஷாக் அடிச்ச பல மணி நேரம் கழிச்சும் நுரையீரலில் நீர் கோத்துக்கலாம்” என்றார் கால்நடை டாக்டர். இரவு முழுவதும் அதன் மூச்சைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மின்னி பிழைத்துக்கொண்டது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. எந்த வயர் ஆபத்தானது என்று தெரிந்துகொள்ளுங்கள். சுவரிலிருந்து யுபிஎஸ்சுக்கும், அங்கிருந்து சிபியு, மானிட்டருக்கும் வருபவை 230 வோல்ட். லேப்டாப் என்றால் சுவரிலிருந்து அடாப்டர் வரை 230 வோல்ட்; அதற்குப் பிறகு பெரும்பாலும் 20 வோல்ட் அளவுதான். யுஎஸ்பி மவுஸ் வயரில் 5 வோல்ட். ஷாக் அடிக்காவிட்டாலும், கடித்த துண்டுகளை விழுங்கினால் அதுவும் ஆபத்துதான்.

2. விபத்து என்றால் வெறுங்கையால் தொடாதீர்கள். முதலில் யுபிஎஸ், பிறகு சுவர் சுவிட்ச். யுபிஎஸ்சை எட்ட முடியாவிட்டால் காய்ந்த மரக்குச்சியால் வயரைத் தள்ளிவிடுங்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

3. தொங்கும் வயர்களைச் சேர்த்துக் கட்டி, பிளாஸ்டிக் குழாய்க்குள் விடுங்கள். பல் பட்ட வயருக்கு டேப் சுற்றாமல் புதிது மாற்றுங்கள்.

4. காற்று வெளிவரும் துளையைப் பூனை அடைத்துக்கொண்டாலோ, விசிறியில் முடி சேர்ந்தாலோ கம்ப்யூட்டர் சூடேறித் தானாக அணைந்துவிடலாம். ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகு மென்மையான பிரஷால் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள்.

5. விரட்டினால் மட்டும் போதாது. குளிர் மறுபடி அதை அங்கேயே அழைத்து வரும். ஓர் அட்டைப்பெட்டியில் பழைய கம்பளி ஸ்வெட்டரை விரித்து, தரையின் குளிர் ஏறாதபடி சற்று உயரத்தில் வையுங்கள். மின்னி இப்போது தூங்குவது மானிட்டர் வந்த பெட்டியில்தான்!

இன்றே ஒரு சோதனை செய்து பாருங்கள். கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிட்டுச் சுவர் சுவிட்சை அணையுங்கள். யுபிஎஸ் ‘பீப்’ அடிக்கும். அதன் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதை அணைக்கும் பொத்தான் எங்கே, எத்தனை விநாடி அழுத்த வேண்டும் என்று வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் காட்டுங்கள். அன்று எனக்கு அது தெரிந்திருந்தால், மின்னி அந்தச் சில விநாடிகள் துடித்திருக்காது.