எல்லை நடந்த தடம் யார் கையில்?

காணியைப் போய்ப் பார்க்க அனுமதி கிடைக்கும் நாளில், கதியாலும் எல்லைக்கல்லும் இருந்த இடமே தெரியாமற் பலர் தடுமாறுவதுண்டு. பற்றைகளை வெட்டி, அயலவர் காட்டும் பழைய எல்லை வழியே கைத்தொலைபேசியோடு ஒருமுறை சுற்றி நடந்தால், நடந்த வழி ஒரு கோடாகப் பதிவாகும். அதையே தடம் என்கிறோம். (கண்ணிவெடி அகற்றி முடிந்ததென அறிவிக்கப்பட்ட காணியில் மட்டும் நடவுங்கள். இதில் அவசரம் வேண்டாம்.)

இதற்கு இணையம் தேவையா எனப் பலர் கேட்கின்றனர். தேவையில்லை. பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் ஜி.பி.எஸ். செய்மதிகள் சமிக்ஞைகளை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. வானொலிப் பெட்டியைப் போலக் கைத்தொலைபேசி அவற்றைக் கேட்கிறது. குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞை கிடைத்தால் தன் இடத்தைக் கணித்துக்கொள்ளும். செய்மதிக்கு அது எதையும் திருப்பி அனுப்புவதில்லை. ஆகவே உங்கள் தடம் வெளியே போவதானால், அது கைத்தொலைபேசியிலுள்ள செயலி வழியாகவே போகும்.

போனால் என்ன? 2017 நவம்பரில் ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி, தன் பாவனையாளர் ஓடிய தடங்களை ஒன்றுசேர்த்து உலக வரைபடமாக வெளியிட்டது. எவருடைய பெயரும் அதில் இல்லை. ஆனால் ஆப்கானிஸ்தான், சிரியா போன்ற நாடுகளில் இராணுவ முகாம்களைச் சுற்றி ஓடிய படையினரின் பாதைகள் அதிற் பளிச்சென்று தெரிவதை 2018 ஜனவரியில் உலகமே கண்டது. பெயரை எடுத்துவிட்டாலும் இடம் பேசும்.

தடம் பெரும்பாலும் ஜி.பி.எக்ஸ். என்ற கோப்பாகவே சேமிக்கப்படும். அது வெறும் எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு புள்ளிக்கும் அகலாங்கு, நெட்டாங்கு, பெரும்பாலும் நேரமும் இருக்கும். தற்காலிகக் கொட்டிலின் வாசலிலேயே பதிவைத் தொடங்கினால், காணியோடு நீங்கள் தங்கும் இடமும், வெளியே போகும் நேரமும் பதிந்துவிடும். காணியின் மூலையில் தொடங்கி அங்கேயே நிறுத்துவது நல்லது.

பார்ப்பதற்கு ஓஸ்ம்அண்ட், ஓர்கானிக் மப்ஸ் போன்ற செயலிகள் உதவும். வரைபடத்தை ஒருமுறை இறக்கிக்கொண்டால் பிறகு இணையத்தைத் துண்டித்துவிட்டே தடத்தைப் பார்க்கலாம். கணக்குத் திறக்கவும் வேண்டியதில்லை. சில இணையத்தளங்கள், கோப்பு உங்கள் கருவியை விட்டு வெளியேறாது என்கின்றன. பக்கம் திறந்தபின் இணையத்தைத் துண்டித்துக் கோப்பைத் திறவுங்கள். கோடு தோன்றினால் அது உங்கள் கருவியிலேதான் வரையப்படுகிறது. மீண்டும் இணைத்தபின் அனுப்பாது என்பதற்கு இது உத்தரவாதமல்ல. அனுப்பாவிட்டாலும், பின்னணி வரைபடத் துண்டுகள் இணையத்திலிருந்தே வருவதால், எந்தப் பகுதியைப் பார்க்கிறீர்கள் என்பது அவற்றை வழங்கும் நிலையத்துக்குத் தெரியும். காணி விடயத்துக்கு இறக்கிவைத்த வரைபடமே எனக்குப் பிடித்தது.

ஒன்றை மறைக்கக்கூடாது. திறந்த வெளியிலும் கைத்தொலைபேசி ஐந்து மீற்றர் அளவு பிசகலாம். மரங்களின் கீழ் இன்னும் கூடும். ஒரு பரப்புக் காணி சதுரமாக இருந்தால் பக்கம் ஏறக்குறைய 16 மீற்றர்தான். வேலிச் சண்டையை இத் தடத்தால் தீர்க்க முடியாது. அது நில அளவையாளர் வேலை. எங்கே தேடவேண்டும் என்பதை அவருக்குக் காட்ட, உறுதியோடு சேர்த்து இதையும் அவர் கையிலே நேரிற் கொடுக்கலாம்.