நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்?

இந்தியாவில் கார் வாங்க முனைபவர்கள் விலைக்கு அடுத்தபடியாகக் கேட்பது அதன் மைலேஜையே. இரண்டு மூன்று கார்களின் விவரத்தாள்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காருக்கும் 20 தரும் காருக்கும் உள்ள இடைவெளியும், 20 தரும் காருக்கும் 25 தரும் காருக்கும் உள்ள இடைவெளியும் ஒன்றே என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டும் ஒரு குடும்பத்தின் பெட்ரோல் கணக்கு இதற்கு உடன்படுவதில்லை. 15 கிலோமீட்டர் மைலேஜில் அந்தக் குடும்பத்துக்கு 667 லிட்டர் தேவைப்படும். 20 எனில் 500. 25 எனில் 400. 30 எனில் 333. முதல் ஐந்து கிலோமீட்டர் உயர்வு 167 லிட்டரையும், அடுத்த ஐந்து 100 லிட்டரையும், அதற்கடுத்த ஐந்து வெறும் 67 லிட்டரையும் மிச்சப்படுத்துகின்றன. ஒரே அளவாகத் தோன்றும் படிகள் மேலே போகப் போகப் பயன் குன்றிக்கொண்டே வருகின்றன.

செலவு எதைப் பொறுத்து ஏறுகிறதோ அதன் தலைகீழ் எண்ணை நாம் அளவுகோலாக வைத்திருப்பதே இதற்குக் காரணம். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் உள்ள தூரமும் ஊருக்குப் போய்வரும் தூரமும் நம் வாழ்க்கையால் முன்பே முடிவாகிவிட்டவை. காருக்குக் கார் மாறுவது அந்தத் தூரத்தைக் கடக்க எரியும் எரிபொருளின் அளவுதான். ஆகவே 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டால் விடை செலவோடு நேர் விகிதத்தில் நிற்கும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டாலோ, விடைக்கும் செலவுக்கும் இடையே ஒரு வளைகோடு வந்துவிடுகிறது. அந்த வளைகோடு குறைந்த மைலேஜ் பகுதியில் செங்குத்தாக விழுந்து, உயர்ந்த மைலேஜ் பகுதியில் ஏறக்குறையத் தட்டையாகப் போகிறது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் ஆகிய இருவரும் 2008ஆம் ஆண்டில் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் இந்த மயக்கத்தை ஆராய்ந்து எழுதினர். பழைய வண்டியிலிருந்து புதிய வண்டிக்கு மாறும் பல இணைகளைக் காட்டி, எந்த மாற்றத்தால் எரிபொருள் மிகுதியாக மிச்சமாகும் என்று கேட்டபோது, பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் மைலேஜ் எண்களின் வேறுபாட்டைக் கொண்டே வரிசைப்படுத்தினர். மிகக் குறைந்த மைலேஜிலிருந்து சற்றே முன்னேறும் மாற்றங்களின் பெரும்பயன் அவர்கள் கண்ணில் படவில்லை. அளவை ‘இத்தனை தூரத்துக்கு இவ்வளவு எரிபொருள்’ என்று மாற்றிக் கொடுத்தபோது விடைகள் திருந்தின. ஐரோப்பிய நாடுகளில் 100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று குறிப்பதுதான் நெடுநாள் வழக்கம். அமெரிக்காவும் 2013ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து புதிய கார்களின் கண்ணாடியில் ஒட்டும் அரசுச் சீட்டில், வழக்கமான எண்ணோடு 100 மைலுக்கு எத்தனை காலன் என்பதையும் சேர்த்து அச்சிட வைத்தது. இந்தியாவில் இந்த மாற்றம் இன்னும் வரவில்லை என்றாலும், வேண்டிய கணக்கு ஒரே ஒரு வகுத்தல்தான்: 100ஐ மைலேஜால் வகுத்தால் போதும்.

சராசரி எடுப்பதிலும் இதே தவறு நேர்கிறது. நகருக்குள் லிட்டருக்கு 10 கிலோமீட்டரும் நெடுஞ்சாலையில் 20 கிலோமீட்டரும் தரும் கார், இரண்டிலும் சம தூரம் ஓடினால் சராசரி 15 ஆகாது. நூறு கிலோமீட்டர் நகரத்தில் 10 லிட்டரும் நூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் 5 லிட்டரும் எரிய, 200 கிலோமீட்டருக்கு 15 லிட்டர் என்று ஆகி, சராசரி 13.3ஆக இறங்குகிறது. கெட்ட சாலையின் எடை எப்போதும் மிகுதி.

விவரத்தாளில் அச்சாகும் எண் சாலையில் அளக்கப்பட்டது அன்று. புனேவில் உள்ள, ஏஆர்ஏஐ என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் போன்ற சோதனை மையங்களில், காரின் சக்கரங்கள் டைனமோமீட்டர் எனப்படும் உருளைகளின் மேல் நிறுத்தப்படுகின்றன. உண்மைச் சாலையில் அந்தக் கார் எதிர்கொள்ளும் தடைக்கு ஈடான தடையை உருளைகள் கொடுக்க, ஓட்டுநர் திரையில் தெரியும் வேகக்கோட்டைப் பின்தொடர்ந்து ஓட்டுகிறார். எரிந்த பெட்ரோலைக் கணக்கிட டேங்கைத் திறந்து பார்ப்பதில்லை. புகைக்குழாயிலிருந்து வரும் வாயுக்களைச் சேகரித்து, அவற்றில் உள்ள கார்பனின் அளவைக் கண்டறிந்தால், பெட்ரோலிலிருந்த கார்பன் முழுதும் அங்கேதான் வந்தாக வேண்டும் என்பதால், எவ்வளவு எரிந்தது என்பது துல்லியமாகக் கிடைத்துவிடும். வேகக்கோட்டைத்தான் குறை சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியாவின் ஓட்டுச்சுழற்சி பழைய ஐரோப்பியச் சுழற்சியைத் தழுவியது. ஏறத்தாழ இருபது நிமிடம் நீடிக்கும் அதில் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை, வேகம் கூட்டுவதும் மெதுவாகவே நிகழும், ஏசி அணைக்கப்பட்டிருக்கும். ஐரோப்பா அந்தப் பழைய சுழற்சியைப் போதாது என்று கண்டு, 2017இலிருந்து அரை மணி நேரம் நீளும், மணிக்கு 131 கிலோமீட்டர் வேகம்வரை செல்லும் புதிய சுழற்சிக்கு மாறிவிட்டது. எனவே அச்சிட்ட எண்ணைக் கார்களைத் தமக்குள் ஒப்பிடுவதற்கான அளவாகக் கொள்வது நியாயம். வீட்டுச் செலவை அதைக் கொண்டு மதிப்பிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். அதற்கு நல்லது, டேங்கை நிரப்பி ஓட்டி மீண்டும் நிரப்பிப் பார்க்கும் பழைய முறைதான்.

சாலையில் அந்த எண் எங்கே கரைகிறது என்பதை இயற்பியல் தெளிவாகவே காட்டுகிறது. ஆட்களோடு சேர்ந்து 1,000 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதில் சுமார் 96 கிலோஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. சிக்னலில் பிரேக்கை மிதித்தவுடன் அது முழுவதும் பிரேக் தகடுகளில் வெப்பமாகிப் போய்விடும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் இருந்தாலும் என்ஜின் அதில் கால் பங்கையே சக்கரத்துக்குத் தருகிறது என்று கொண்டால், அந்த வேகத்தை மறுபடி அடைய 12 மில்லிலிட்டர் பெட்ரோல் வேண்டும். சென்னை அண்ணா சாலையிலும் கோவை அவிநாசி சாலையிலும் காலை நெரிசலில் நின்று நின்று போகிறவர், நூறு முறை இப்படி நின்று கிளம்பினால் ஒரு லிட்டருக்கும் மேலாகப் பிரேக்கிலேயே இழந்திருப்பார். இதில் எடை நேரடியாக நுழைகிறது: இருமடங்கு எடையுள்ள காருக்கு இழப்பும் இருமடங்கு.

நெடுஞ்சாலையில் கதை வேறு. அங்கே எடையைவிடக் காற்றுதான் பெரிய எதிரி. காற்றுத்தடை, காரின் முன்முகப் பரப்பையும் உடலின் வடிவையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 120க்கு உயர்த்தினால் தடை இரண்டே கால் மடங்காகிறது. உயர்ந்து நிமிர்ந்து நிற்கும் எஸ்யூவி வகைக் கார்கள், அதே எடையுள்ள தாழ்ந்த செடானைவிட நெடுஞ்சாலையில் கூடுதலாகக் குடிப்பது இதனால்தான். வேகம் கூட்டுவதால் கிடைக்கும் நேர மிச்சமும் மைலேஜைப் போலவே தலைகீழ் வளைகோட்டில் அமைந்தது என்பது கவனிக்கத்தக்கது. சுவீடன் நாட்டு உளவியலாளர் ஓலா ஸ்வென்சன் 1970ஆம் ஆண்டிலேயே மனிதர்கள் இதைத் தவறாகக் கணிப்பதை ஆராய்ந்திருக்கிறார். நூறு கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 40இல் செல்வதற்குப் பதில் 50இல் சென்றால் அரை மணி நேரம் மிச்சம்; 100க்குப் பதில் 120இல் சென்றால் பத்து நிமிடம்தான் மிச்சம், அந்தப் பத்து நிமிடத்துக்காகக் காற்றுத்தடை 44 விழுக்காடு ஏறிவிடுகிறது.

எந்த எரிபொருள் என்ற கேள்வியில் அலகுகளே வாங்குபவரைத் திசைதிருப்பிவிடும். சிஎன்ஜி கார்களின் மைலேஜ் கிலோவுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று குறிக்கப்படுகிறது. ஒரு கிலோ சிஎன்ஜியில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்கு ஈடான ஆற்றல் அடங்கியிருப்பதால், கிலோவுக்கு 30 கிலோமீட்டர் என்பது பெட்ரோல் கணக்கில் லிட்டருக்கு 20 கிலோமீட்டருக்குச் சமம். என்ஜின் திடீரெனத் திறன் பெற்றுவிட்டதாக அதற்குப் பொருளில்லை. சிஎன்ஜி சிக்கனமாவது அதன் விலையால். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் இதற்கு நேர்மாறு நிகழ்கிறது: எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், கலவையின் ஆற்றல் லிட்டருக்கு ஆறேழு விழுக்காடு குறைந்துவிடுகிறது. மின்சாரக் காரை லிட்டரில் அளக்கவே வழியில்லை. ஒரு சிறிய மின்சாரக் கார் 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 யூனிட் மின்சாரத்தை எடுக்கும். அதே தூரத்துக்கு 6 லிட்டர் பெட்ரோலை எரிக்கும் கார் 50 யூனிட்டுக்கும் மேற்பட்ட வெப்ப ஆற்றலைச் செலவிடுகிறது. என்ஜினின் வெப்ப இழப்பு எவ்வளவு பெரிது என்பதை இந்த ஒரு ஒப்பீடே காட்டும். இவற்றையெல்லாம் ஒரே தராசில் நிறுத்த உதவும் அலகு ஒன்றுதான்: 100 கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய். மின்சாரக் காரில் அந்த எண், வீட்டு இணைப்பில் சார்ஜ் செய்வதா நெடுஞ்சாலை விரைவுச் சார்ஜரை நம்பியிருப்பதா என்பதைப் பொறுத்துப் பெரிதும் மாறும்.

ஹைபிரிட் கார்களுக்கு இங்கே தனியாக இடம் தர வேண்டும். பெட்ரோல் என்ஜின் தன் முழு வலிமைக்கு அருகில் உழைக்கும்போதுதான் திறமையாக இயங்கும். ஊர்ந்து செல்லும்போது, காற்று உள்ளே செல்லும் வழியைத் திராட்டில் என்னும் தடுக்கு குறுக்கிவிடுவதால், காற்றை உறிஞ்சுவதிலேயே ஆற்றலின் ஒரு பகுதி வீணாகிறது. ஹைபிரிட்டில் உள்ள மோட்டாரும் பேட்டரியும் அந்த மந்தமான நேரங்களில் என்ஜினை அணைத்துவிட்டுத் தாமே காரை நகர்த்துகின்றன. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் இயக்க ஆற்றலிலும் ஒரு பகுதியை மின்சாரமாக மீட்டுச் சேமிக்கின்றன. ஆகவே நெரிசல் மிகுந்த நகரத்தில் அதன் பயன் மிகுதி, சீராக ஓடும் நெடுஞ்சாலையில் குறைவு. ஹைபிரிட்டுக்கு இரண்டரை லட்சம் ரூபாய் கூடுதல் விலை, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். நகரத்தில் 15 தரும் சாதாரணக் காருக்குப் பதில் 25 தரும் ஹைபிரிட்டை எடுப்பவர், ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் 267 லிட்டர் மிச்சப்படுத்தி ஒன்பது ஆண்டுகளுக்குச் சற்று மேலான காலத்தில் அந்தப் பணத்தை மீட்பார். 20,000 கிலோமீட்டர் ஓட்டினால் ஐந்து ஆண்டுகளுக்குள். சாதாரணக் காரே 20 தருமானால், 10,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அந்தப் பணம் மீள 25 ஆண்டுகள் ஆகும், அதாவது காரின் ஆயுளுக்குள் மீளாது.

வளைகோட்டின் தட்டைப் பகுதியில் மைலேஜுக்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதைக் காட்டுவதே இந்தக் கணக்குகளின் முக்கியமான பயன். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1.68 லட்சம் பேர் உயிரிழந்தனர். அப்படியிருந்தும் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் குறைகிறது என்பதற்காகக் கூடுதல் பாதுகாப்புள்ள காரைத் தள்ளிவைப்பது வெகு சாதாரணமாக நடக்கிறது. இந்தியக் கார்களுக்கான பாரத் என்கேப் மதிப்பீடு 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் கார் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், நசுங்கக்கூடிய தடுப்பின் மீது தன் முகத்தின் 40 விழுக்காட்டுப் பகுதி மட்டும் படுமாறு மோதவிடப்படுகிறது. பக்கவாட்டு மோதலுக்கும் தனிச் சோதனை உண்டு. பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனியே நட்சத்திரங்கள் வழங்கப்படுகின்றன. முன்பகுதி நசுங்கி ஆற்றலை உட்கொள்ள வேண்டும், பயணிகள் அமரும் கூடு நசுங்கவே கூடாது என்பதே இதன் அடிப்படை. வழுக்கும் காரின் சக்கரங்களைத் தனித்தனியே பிரேக் பிடித்து நேர்படுத்தும் மின்னணு நிலைத்தன்மைக் கருவி இல்லாத கார், மூன்று நட்சத்திரத்தை எட்ட முடியாது.

நட்சத்திரத்தோடு எடையையும் பார்க்க வேண்டும். அசையாத தடுப்பில் மோதும் சோதனை, ஒரு கார் தன்னைப் போன்ற எடையுள்ள இன்னொரு காரோடு நேருக்கு நேர் மோதுவதை ஒத்தது என்பதால், நட்சத்திரங்களை ஏறக்குறையச் சம எடையுள்ள கார்களுக்கிடையில் ஒப்பிடுவதே சரி. தலா 50 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வரும் 800 கிலோ காரும் 1,600 கிலோ காரும் மோதி ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டால், உந்தம் மாறாது என்ற விதிப்படி, கனமான காரின் வேகம் 33 கிலோமீட்டர் குறைய, இலகுவான காரின் வேகமோ 67 கிலோமீட்டர் மாறிப் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. உள்ளே இருக்கும் உடல்கள் தாங்க வேண்டிய அதிர்ச்சியும் அதற்கேற்ப ஏறுகிறது.

எடையைக் கூட்டினால் பெட்ரோல் செலவு கூடும் என்பது உண்மை. பொதுவாகக் காரின் எடை 100 கிலோ கூடும்போது 100 கிலோமீட்டருக்கு 0.3 முதல் 0.4 லிட்டர் வரை கூடுதலாக எரிகிறது. பலமான கூடு, கூடுதல் காற்றுப்பைகள், பக்கவாட்டுக் கதவுச் சட்டங்கள் ஆகியவற்றுக்காக அந்த 100 கிலோவை ஏற்ற கார், விவரத்தாளில் 22 கிலோமீட்டரிலிருந்து 20க்குச் சற்று மேல்வரை இறங்கித் தெரியும். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்துக்கு அதன் செலவு சுமார் 40 லிட்டர் பெட்ரோல், மாதத்துக்கு முந்நூற்றைம்பது ரூபாய்க்குள்.