தேடப்படாத கண்ணி

நூலகத்தில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், எந்தப் புத்தகத்தை வாங்குகிறார்கள், எதை ஒதுக்குகிறார்கள் என்பதைத்தான் நாம் சொல்வோம். வாங்கி அடுக்கிய பிறகும் ஒரு புத்தகத்தைக் காணாமலடிக்க முடியும். தடையாணை வேண்டாம், பொருள் தலைப்பு போதும்.

ஒரே பொருளுக்குப் பல சொற்கள் புழங்கும்போது பல்கலைக்கழக நூலகம் அவற்றில் ஒன்றை அங்கீகரிக்கிறது. மற்றவற்றுக்கு எதிரே 'காண்க' என்று போட்டு அந்த ஒன்றுக்கு அனுப்பிவைக்கிறது. இந்த ஏற்பாடு இல்லையென்றால் ஒரே விஷயம் பற்றிய நூல்கள் பத்து இடத்தில் சிதறிப்போகும். ஆகவே கட்டுப்பாடே தவறு என்பதல்ல. எந்தச் சொல் ஆள்கிறது, எந்தச் சொல்லுக்கு ஒரு 'காண்க' கூடக் கிடைக்கவில்லை என்பதே கேள்வி.

1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், இஷ்டத்துக்குத் தலைப்புப் போடும் பழக்கத்துக்கு மாற்றாகச் சங்கிலி முறையை உருவாக்கினார். நூலின் வகைப்பாட்டு எண், பொதுவானதிலிருந்து குறிப்பானதுக்கு இறங்கும் சங்கிலி. கடைசிக் கண்ணியில் தொடங்கி மேலே ஏறிக் கண்ணிக்கு ஒரு பதிவு எழுத வேண்டும். ஆனால் எல்லாக் கண்ணிக்கும் அல்ல. வாசகர் தேடக்கூடியது 'தேடப்படும் கண்ணி'. மற்றது 'தேடப்படாத கண்ணி', அதை விட்டுவிடலாம். முறை அறிவியல்பூர்வமானது, சரி. 'இதைப்போய் யார் தேடப்போறா?' என்று முடிவுகட்டும்போது பட்டியலாளர் மனதில் இருக்கும் வாசகர் யார்?

உத்தமபாளையத்திலிருந்து ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி உசிலம்பட்டிப் பக்கம் போனால் பெருங்காமநல்லூர். குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள் 1920 ஏப்ரல் 3இல் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இதைப்பற்றிய நூலுக்கு என்ன தலைப்புத் தருவது? 'குற்றவியல்' என்றால் அந்தச் சட்டத்தின் கண்ணால் பார்க்கிறோம். 'கலவரம்' என்றால் போலீஸ் அறிக்கையை நகலெடுக்கிறோம். 'காலனிய எதிர்ப்பு' என்றால் அது வேறு வரலாறு. ஊர்ப்பெயரே தேடப்படாத கண்ணியாகிவிட்டால், தேடிவந்த ஊர்க்காரர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். கணினியில் எந்தச் சொல்லையும் தட்டலாமே என்பார்கள். நாம் தட்டிய சொல் பதிவில் இருந்தால்தானே அது அகப்படும்?

தலைப்புகள் மாறாதவை அல்ல. உலகெங்கும் பல பல்கலைக்கழகங்கள் பின்பற்றும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தலைப்புப் பட்டியலில் படிந்திருந்த இனவாதத்தை, 1971லேயே சான்ஃபோர்ட் பெர்மன் என்ற நூலகர் ஒரு புத்தகமாகவே எழுதிக் காட்டினார். அதிலிருந்த 'சட்டவிரோத அந்நியர்' என்ற தலைப்பை டார்ட்மவுத் கல்லூரி மாணவர்கள் 2014இல் எதிர்த்தார்கள். 2016இல் நூலகம் இசைந்தது. அரசியல்வாதிகள் குறுக்கே விழுந்தார்கள். 2021இல்தான் மாற்றம் வந்தது.

நமக்கும் இதில் வேலை இருக்கிறது. நூல்களில் புழங்கும் சொல்லே தலைப்பாக வேண்டும் என்பது 1911இல் ஹியூம் வகுத்த கோட்பாடு. அப்படியானால் நாம் நூலுக்கு வைக்கும் பெயரும் முன்னுரையில் எழுதும் சொல்லும் நாளைய பட்டியலுக்குச் சான்று. பழைய சொல்லை அழிக்கவும் வேண்டாம். இழைத்த அநீதிக்கு அதுவும் ஆவணம். அதற்கு எதிரே 'காண்க' என்று எழுதி நம் சொல்லுக்கு அனுப்பச் சொல்வோம்.