பனிக்கு ஒரு கட்டணம், வெயிலுக்கு ஒன்று

ஒன்ராறியோவில் வாடகையும் ஊருக்கு அனுப்பும் காசும் போக எங்கள் கையில் மிஞ்சுவது கொஞ்சம். அதையும் மின்சார பில் தின்கிறது.

நேரத்துக்கு நேரம் விலை மாறும் திட்டத்தில், குளிர்காலக் கிழமை நாட்களில் காலை 7 முதல் 11, மாலை 5 முதல் 7 வரை விலை ஆகக் கூட. எங்கள் வீடுகளில் கறி கொதிப்பதும் அந்நேரம்தானே! ஆகவே நவம்பரில் படிநிலைத் திட்டத்துக்கு மாறுகிறோம். மாதம் 1000 அலகு வரை எந்நேரமும் குறைந்த விலை. மே மாதம் அந்த எல்லை 600 ஆகிவிடும். உடனே பழைய திட்டம். கோடையில் விலை கூடுவது பகல் 11 முதல் 5 வரை, நாங்கள் தொழிற்சாலையில். உடுப்புத் தோய்ப்பது இரவு 7க்குப் பிறகு. பகலில் முதியவர்கள் வீட்டிலிருந்து குளிரூட்டி ஓடினால் கணக்கு வேறு.

மாறக் காசில்லை, பில் உங்கள் பெயரில் வந்தால் மின் நிறுவனத்துக்கு ஒரு படிவம் போதும். கதவைத் தட்டி ஒப்பந்தம் நீட்டுபவருக்குக் கையொப்பம் வைக்காதீர்கள். அவ்விதம் விற்பது 2017 முதல் தடை.