மதுரையைச் சுமக்கும் நெடுஞ்சொற்கள்

ஆங்கில மருத்துவ அகராதி ஒன்று கைக்குக் கிட்டினால் 'எம்' எழுத்துப் பகுதியைப் புரட்டிப் பாருங்கள். மதுரெல்லா, மதுரோமைக்கோசிஸ், மதுரோமைசெட்டோமா என்று சில சொற்கள் கண்ணில் படும். 'ஏ' பகுதிக்குப் போனால் ஆக்டினோமதுரா என்ற 12 எழுத்துச் சொல் காத்திருக்கும். எம், ஏ, டி, யு, ஆர் என்னும் ஐந்து எழுத்துகள் இவை எல்லாவற்றிலும் அதே வரிசையில் அடுத்தடுத்து வருகின்றன. இது தற்செயல் அன்று. அந்த ஐந்து எழுத்துகளும் நம் மதுரைதான். ஆங்கிலேயர் ஆட்சியில் ஊர்ப் பெயரை 'மதுரா' என்று எழுதினார்கள். அந்தப் பழைய எழுத்துக்கூட்டு அகராதிக்குள் இன்றும் உறைந்து கிடக்கிறது.

மீனாட்சியம்மன் கோயிலாலோ மல்லிகையாலோ கிடைத்த பெருமை அன்று இது. ஒரு கால் நோயால் வந்தது.

1842-இல் மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய ஜான் கில் என்ற மருத்துவர், தம்மிடம் வந்தவர்களின் பாதங்களில் கண்ட விந்தையான வீக்கத்தைப் பற்றி அறிக்கை எழுதினார். 1846-இல் கோல்புரூக் என்ற மருத்துவர் அதை 'மதுரா ஃபுட்', அதாவது மதுரைக் கால் என்ற பெயரால் குறித்தார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

நோய் எப்படி வருகிறது என்பது நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் வெறுங்காலோடு காட்டில் நடப்பவருக்குக் கருவேல முள் தைக்கிறது. பிடுங்கி எறிந்துவிட்டு அவர் வேலையைப் பார்க்கிறார். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் அந்தச் சிறு துளை வழியே உள்ளே போய்விடுகிறது. மாதங்கள் கழிகின்றன, சில வேளை ஆண்டுகளும் கழிகின்றன. பாதத்தில் ஒரு கட்டி எழும்புகிறது. பெரும்பாலும் வலி இருப்பதில்லை. இந்த நோயின் சூதே அதுதான். வலிக்காத காலுக்கு வைத்தியம் பார்க்க யார் பஸ் ஏறிப் போவார்கள்? கட்டி பெருத்து, அங்கங்கே வாய் திறந்து, புரையோடிச் சீழ் வடியும். சீழோடு கடுகிலும் சிறிய குருணைகள் வெளிவரும். ஒவ்வொரு குருணையும் அந்த நுண்ணுயிர்களின் ஒரு குடியிருப்பு. உள்ளே அவை எலும்பு வரை அரித்துக்கொண்டு போகும்.

பம்பாயில் பணியாற்றிய ஹென்றி வான்டைக் கார்ட்டர் இதை ஆராய்ந்து, பூசணத்தால் வருவது என்றார். 1860-இல் 'மைசெட்டோமா' என்று பெயர் சூட்டினார். மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கும் கிரேயின் உடற்கூற்று நூலுக்குப் படங்கள் வரைந்தவர் இவரே. படம் வரையத் தெரிந்த கண் நோயையும் நன்றாகப் பார்த்தது போலும்!

இனி நெடுஞ்சொல்லைப் பிரிப்போம். பனங்கிழங்கைப் போல நடுவில் கீறினால் இரண்டாகப் பிளந்துவிடும். 'மைக்கீஸ்' என்பது கிரேக்க மொழியில் காளான். 'ஓமா' என்பது கட்டி. ஆகவே மைசெட்டோமா என்றால் காளான் கட்டி. அதன் முன்னே மதுரையை ஒட்டினால் மதுரோமைசெட்டோமா, 14 எழுத்துகள். 'ஓசிஸ்' என்பது நோய்நிலையைக் குறிக்கும் விகுதி. எனவே மதுரோமைக்கோசிஸ் என்பது மதுரைக் காளான் நோய். 'எல்லா' என்பது லத்தீனில் சிறியதைக் குறிக்கும் செல்ல விகுதி. 1905-இல் பிரெஞ்சு அறிஞர் புரும்ட் இந்நோய் தரும் பூசண இனம் ஒன்றுக்கு மதுரெல்லா என்று பெயர் வைத்தார். காலைத் தின்னும் பூசணத்துக்கு 'குட்டி மதுரை' என்று செல்லப் பெயர்!

ஆனால் கார்ட்டர் சொன்னது பாதிதான் சரி. எல்லா மதுரைக் காலுக்கும் பூசணம் காரணம் அன்று. 1894-இல் வின்சென்ட் என்ற பிரெஞ்சுக்காரர் இன்னொரு நுண்ணுயிரை விவரித்தார். மெல்லிய இழைகளாய்க் கிளைவிட்டு வளர்ந்ததால் இத்தகையவற்றையும் வெகுநாள் காளான் கூட்டத்திலேயே சேர்த்திருந்தனர். 'ஆக்டிஸ்' என்றால் கிரேக்கத்தில் கதிர்; கதிர் போல் விரியும் காளான் என்பதால் ஆக்டினோமைசீட் என்றனர். பின்னர்தான் இவை பாக்டீரியாக்கள் என்பது உறுதியாயிற்று. வின்சென்ட் கண்ட உயிரியின் இன்றைய பெயர் ஆக்டினோமதுரா மதுரே. ஒரே பெயரில் மதுரை இரண்டு முறை வருகிறது!

இங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். இன்று இந்நோயை இரண்டாகப் பிரிக்கிறார்கள். பாக்டீரியாவால் வருவது ஆக்டினோமைசெட்டோமா. பூசணத்தால் வருவது யூமைசெட்டோமா. 'யூ' என்பதற்கு இவ்விடத்தில் 'உண்மையான' என்று பொருள். பின்பாதி இரண்டிலும் ஒன்றே. ஆய்வுக்கூடச் சீட்டை அவசரமாகப் படிப்பவர் 'மைசெட்டோமா' என்பதை மட்டும் பார்த்துவிட்டால், முதல் சொல்லில் காளான் என்னும் பொய் ஒளிந்திருப்பதை அறிய மாட்டார். அங்கே இருப்பது பாக்டீரியா. அதற்குக் கோட்ரைமாக்சசோல், அமிக்காசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளை மாதக்கணக்கில் கொடுத்தால் பெரும்பாலும் குணமாகிறது. யூமைசெட்டோமாவை இந்த மருந்துகள் அசைக்காது. அதற்கு இட்ராகோனசோல் போன்ற பூசணக்கொல்லியை ஓராண்டோ அதற்கு மேலோ தர வேண்டும். பல வேளைகளில் அறுவையும் வேண்டும். முற்றிவிட்டால் பாதத்தையே எடுக்க நேரிடும். சொல்லின் முன்னொட்டு எதுவென்பதில் ஒரு சம்சாரியின் கால் இருக்கிறது.

எது எதுவென்று அறிவது எப்படி? குருணையின் நிறம் ஓரளவு காட்டிக்கொடுக்கும். கறுப்பு என்றால் பூசணம் எனலாம். சிவப்பு என்றால் பாக்டீரியா. வெள்ளையும் மஞ்சளும் ஏமாற்றும். நுண்ணோக்கியில் வைத்தால் பாக்டீரியாவின் இழைகள் ஒரு மைக்ரான் அளவையும் தாண்டாதபடி நூலாக இருக்கும். பூசண இழைகள் அதைவிடப் பல மடங்கு பருமனானவை. ஆகவே, காலில் வலியற்ற கட்டி தோன்றி வாய் திறந்தால், மேலே களிம்பு தடவிக்கொண்டிராமல் பெரிய மருத்துவமனைக்குப் போய், சதையைக் கிள்ளி எடுத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும். செருப்புப் போட்டு நடந்தால் இவ்வளவு தொல்லைக்கும் பெரும்பாலும் இடமில்லை.

மதுரைச் சொற்கள் நோயோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் லெஷவாலியே தம்பதியர் ஆக்டினோமதுரா என்ற இனத்தை 1970-இல் தனியாக வகுத்தனர். அந்த உயிரியில் காணப்படும் அரிய சர்க்கரை ஒன்றுக்கு மதுரோஸ் என்று பெயர். குளுக்கோஸ், சுக்ரோஸ் என்பவற்றின் வாலில் உள்ள அதே 'ஓஸ்' தான் இது. பூசணம் போலத் தோன்றும் இக்கூட்டத்தில் யார் யாரென்று பிரித்தறிய இந்தச் சர்க்கரை பெரிதும் பயன்படுகிறது. இந்த இனத்தைச் சேர்ந்த பாக்டீரியா ஒன்று தரும் மருந்து மதுராமைசின்; கோழிகளின் குடலைத் தாக்கும் காக்சிடியா நோயைத் தடுக்கத் தீவனத்தில் கலப்பார்கள். மதுராஹைட்ராக்சிலாக்டோன் என்று 20 எழுத்துகளில் ஒரு வேதிப்பொருளும் உண்டு. ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்!

எழுத்து ஒத்தால் உறவு என்று எண்ணிவிடவும் கூடாது. சாவகத்தின் பக்கத்தில் மதுரா என்றே ஒரு தீவு இருக்கிறது. இந்நோய்க்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இன்னும் சொன்னால் நோய்க்கும் மதுரைக்குமே அவ்வளவு நெருக்கம் இல்லை. சூடானிலும் மெக்சிகோவிலும் இது மிகுதி, ராஜஸ்தானிலும் உண்டு. முதலில் அறிக்கை எழுதியவர் மதுரையில் இருந்தார், அவ்வளவுதான். புதிய நோய்களுக்கு ஊர்ப் பெயர் வைக்க வேண்டாமென்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியது. அடுத்த ஆண்டே, கவனிப்பாரற்ற வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் இந்த நோயையும் சேர்த்தது. அங்கே அதன் பெயர் வெறும் மைசெட்டோமா.