அண்ணாந்து பார்த்துவிட்டு விளக்கு வாங்குங்கள்

தொங்கு விளக்கு வாங்கக் கிளம்புகிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன் தங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று ஒருமுறை அண்ணாந்து பார்ப்பது நல்லது. புதுச்சேரிக்காரர்களுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த தெருக்களில், 14 அடி உயரக் கூரை சாதாரணம். வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்து ஓட்டுச் சரிவு தலைக்குச் சற்று மேலே வந்து நிற்கும். லாஸ்பேட்டை, ரெயின்போ நகர் அடுக்ககங்களில் 10 அடியைத் தாண்டுவதே அரிது. ஒரே ஊருக்குள் மூன்று விதக் கூரை. கடையில் கண்ணைப் பறித்த விளக்கு வீட்டில் எடுபடாமல் போவதற்கு முதல் காரணம் இதுதான்.

பழைய விளக்கா, நவீன விளக்கா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வர வேண்டும். இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு அவ்வளவு கடுமை தேவையும் இல்லை. நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டில் கட்டியது. கீழ்த்தளத்தில் செதுக்கு வேலை செய்த மரத் தூண்கள், தமிழ் வீட்டு முற்றம். மாடி ஏறினால் பிரெஞ்சுப் பாணியில் சுதைத் தூண்கள். இரண்டு பாணியும் ஒரே வீட்டில் இருக்கின்றன, ஆனால் ஒரே தளத்தில் குழம்பவில்லை. விளக்குக்கும் இந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. கூடத்தில் பித்தளையும் பழைய கண்ணாடியும் இருக்கட்டும், சமையலறையில் இன்றைய வடிவம் இருக்கட்டும். ஒரே அறையில் இரண்டையும் போட்டி போட விட வேண்டாம்.

நவீனம் இந்த ஊருக்கு வெளியாளும் அல்ல. அரவிந்தர் ஆசிரமத்தின் தங்குமிடமான கோல்கொண்டை ஆன்டனின் ரேமண்ட் 1930களில் வடிவமைத்தார். வேலையை இங்கேயே இருந்து கவனித்தவர்களில் ஒருவர், பின்னாளில் மரச்சாமான் வடிவமைப்பில் உலகப் புகழ் பெற்ற ஜார்ஜ் நகாஷிமா. திறந்து மூடும் கான்கிரீட் பலகைகளால் வெயிலைத் தடுத்து வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளே விட்ட கட்டடம் அது. அந்தச் சிக்கனமான அழகைப் பார்த்த ஊர், எளிய வடிவத்தில் ஒரு விளக்கைத் தொங்கவிடக் கூச்சப்பட வேண்டியதில்லை.

பழைய விளக்கு தேடுகிறவர்கள் உள்ளூர் ஆன்டிக் கடைகளைப் பார்த்துவிட்டு, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு வரை போவதுண்டு. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த கண்ணாடிக் குண்டு விளக்குகளும் எனாமல் மூடிகளும் அங்கே கிடைக்கும். ஆனால் 'விண்டேஜ்' என்ற பெயரில் விற்பவற்றில் ஏராளமானவை புதிதாகச் செய்தவை. மொராதாபாத் பித்தளைக்கும் பிரோசாபாத் கண்ணாடிக்கும் பழைய முகம் பூசியவை. அவை மோசமான பொருள்கள் என்று சொல்ல மாட்டேன். புதுப் பொருளுக்குப் பழைய விலை கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். கையில் எடுத்துப் பாருங்கள். ஊதிச் செய்த கண்ணாடியில் சிறு குமிழ்கள் இருக்கும், விளிம்பின் கனம் ஒரே சீராக இருக்காது. விரலால் தடவும்போது அச்சின் ஒட்டு மேடு தட்டுப்பட்டால் அது அச்சில் வார்த்தது. பித்தளைக்கு ஒரு சிறு காந்தம் போதும். காந்தம் ஒட்டிக்கொண்டால் உள்ளே இருப்பது இரும்பு. சங்கிலி வளையங்கள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் உண்மையான தேய்மானம் இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் அது மருந்து வேலை.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். நமக்கென்று இருக்கும் அருமையான தொங்கு விளக்கு தூண்டாமணி விளக்கு. மேலே இருக்கும் எண்ணெய்க் கிண்ணம் மூடியிருக்கும். கீழ்த் தட்டில் எண்ணெய் குறைந்ததும் துளை வழியாகக் காற்று உள்ளே ஏற, அந்த அளவுக்கு மட்டும் எண்ணெய் தானாக இறங்கும். இத்தனை நுட்பமான பொருளில் ஒயர் நுழைக்க ஓட்டை போட்டு, பல்பு மாட்டித் தொங்கவிடுகிறார்கள். பார்க்கும்போது மனம் பதறுகிறது. ஒருமுறை துளைத்துவிட்டால் அது மறுபடி எண்ணெய் நிற்கும் விளக்காகாது. அதை அதுவாகவே தொங்க விடுங்கள், நல்ல நாளில் எண்ணெய் ஊற்றி ஏற்றுங்கள். மின்விளக்குக்கு வேறு பொருள் பாருங்கள்.

பழைய மின்விளக்கை வாங்கினால், உள்ளே இருக்கும் ஒயரை யோசிக்காமல் மாற்றிவிட வேண்டும். நூல் சுற்றிய பழைய ஒயரின் ரப்பர் விரலில் உதிரும். உலோக உடல் கொண்ட விளக்குக்கு எர்த் இணைப்பு கட்டாயம். பிரெஞ்சு விளக்குக்கு நம் பல்பு பொருந்துமா என்று பலர் தயங்குகிறார்கள். நம் வீடுகளில் இருக்கும் பின் வகை ஹோல்டர் பிரான்சிலும் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளதுதான். அதனால் பல பழைய பிரெஞ்சு விளக்குகளில் நம் பல்பு அப்படியே உட்காரும். திருகு வகையாக இருந்தாலும் அந்த பல்பும் இங்கே கிடைக்கிறது.

எடை அதிகமென்றால் சுண்ணாம்புப் பூச்சையோ செங்கல்லையோ நம்பக் கூடாது. உத்திரங்கள் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்கு உத்திரத்தில்தான் கொக்கி இறங்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அறை நடுவே இருக்கும் கொக்கியை மின்விசிறி பிடித்துக்கொண்டிருக்கும். மேல்நாட்டுப் பத்திரிகைப் படங்களில் இந்தச் சிக்கல் வருவதே இல்லை, அங்கே அறை நடுவில் விசிறி கிடையாது. விசிறிக்கு மேலே விளக்கு இருந்தால் இறக்கையின் நிழல் அறையெங்கும் துடிக்கும். மிக அருகே இருந்தால் விளக்கு ஆடிக்கொண்டே இருக்கும். விளக்கை இறக்கை நுனியிலிருந்து 3 அடியாவது தள்ளி, உட்காரும் மூலைக்கோ சாப்பாட்டு மேசைக்கோ கொண்டுபோய்விடுவதே வழி.

மேசைக்கு மேல் என்றால் பலகையிலிருந்து 75 முதல் 90 செ.மீ. உயரம் சரியாக இருக்கும். நடமாடும் இடத்தில் தரையிலிருந்து 7 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது. 14 அடிக் கூடத்திலும் விளக்கைக் கீழே இறக்கித்தான் ஆக வேண்டும். கூரையோடு ஒட்டி வைத்தால் உத்திரங்களுக்கு வெளிச்சம் போகும், மனிதர்களின் முகத்துக்கு வராது. மேலே கொஞ்சம் இருட்டு இருந்தால் அந்த உயரத்துக்கே ஓர் அழகு வரும்.

பல்பு கண்ணில் குத்தக் கூடாது. டென்மார்க்கின் பால் ஹென்னிங்சன் 1920களிலிருந்து இந்த ஒன்றுக்காகவே உழைத்தார். எந்தப் பக்கமிருந்தும் பல்பு நேராகத் தெரியாதபடி தகடுகளை அடுக்கினார். 1958இல் வந்த அவருடைய பிஎச் 5 விளக்கு இன்றும் விற்பனையில் இருக்கிறது. இழை தெரியும் 'எடிசன்' பல்புகளைச் சாப்பாட்டு மேசைக்கு மேல் நான் பரிந்துரைக்க மாட்டேன். பித்தளைக்கும் மரத்துக்கும் 2700 கெல்வின் வார்ம் ஒயிட் எல்இடி பொருந்தும். 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தில் பழைய பித்தளை உயிரற்றுத் தெரியும், சோறும் குழம்பும்கூட நிறம் கெட்டுத் தெரியும்.

கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று இரும்புச் சங்கிலியை விடாது. பித்தளை, செம்பு, பீங்கான், கண்ணாடி எல்லாம் தாங்கும். பித்தளை மங்கும், ஆனால் துடைத்தால் திரும்பும். துருப்பிடிக்காத எஃகு என்றால் 316 ரகமா என்று கேட்டு வாங்குங்கள். காகித விளக்குகள் எனக்கு மிகவும் பிடித்தவை. சிற்பி இசாமு நொகுச்சி 1951இல் ஜப்பானியக் காகிதத்தில் தொடங்கிய அகாரி விளக்குகள் உலகமெங்கும் பரவின. நம் ஊரிலும் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலை 1959 முதல் இருக்கிறது. ஆனால் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் காகிதம் பூஞ்சை பிடிக்கும். காற்றோட்டமான உள்ளறைக்கே அது ஏற்றது, தாழ்வாரத்துக்கு ஆகாது.

எல்லாம் முடிவான பிறகும் எலக்ட்ரீஷியனைச் சங்கிலியை உடனே வெட்ட விடாதீர்கள். நல்ல கயிறு ஒன்றில் விளக்கைத் தற்காலிகமாகக் கட்டித் தொங்கவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்காருங்கள். எதிரே இருப்பவர் முகம் மறைந்தால் ஏற்றுங்கள், தட்டில் நிழல் விழுந்தால் நகர்த்துங்கள். வீட்டிலேயே குட்டையானவரும் நெட்டையானவரும் சரி என்று சொன்ன பிறகு அளவெடுத்து வெட்டச் சொல்லுங்கள்.